கிளினிக் மூடலாம், தொலைபேசியை மூடலாமா?

மதுரையில் 2020 ஜூன் 24 முதல் மீண்டும் முழு ஊரடங்கு அமலானது. மாநகராட்சியுடன் பரவை பேரூராட்சியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களும் இதில் அடங்கின. மருத்துவ சேவைக்குத் தடை இருக்கவில்லை. ஆனாலும் தொற்றுக்கு அஞ்சி கிளினிக்கைப் பூட்டிய மருத்துவர்கள் இருந்தனர். அந்த அச்சம் நியாயமானதே. 'டாக்டர் இல்லை' என்று அட்டை மாட்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது என நினைப்பதுதான் நியாயமல்ல.

மார்ச் 25 அன்று தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் நிகழ்ந்தது. அதே நாளில்தான் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசி, வீடியோ, வாட்ஸ்அப் வழியாக ஆலோசனை தரலாம். கையெழுத்திட்ட மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம். ஏற்கெனவே தம்மிடம் வரும் சுகர், பிரஷர் நோயாளிகளுக்கு மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தரவும் வழியுண்டு.

வாட்ஸ்அப் இல்லாத கிராமத்துப் பெரியவர்களுக்குச் சாதாரண அழைப்பே போதும். ஆனால் எதிர்முனையில் யாராவது எடுக்க வேண்டும். இல்லையென்றால் மாத்திரை நின்றுபோகும். மூச்சுத் திணறலைச் சொல்லவும் ஆளிருக்காது.

எந்த எண், எந்த நேரம், அவசரமென்றால் எந்த மருத்துவமனை: பூட்டிய கதவில் இந்த மூன்றையும் எழுதி வைக்கலாம். மஹல்லா ஜமாஅத்துகள் இவற்றைக் கேட்டு வாங்கி வீடுதோறும் தெரிவிக்கலாம்.