ஃபார்மட் அடிச்சா சரியாயிடுமா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. கடுப்புல இருக்கேன்.

போன மாசம் மதுரையில பெரியப்பா கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட் திறக்கலை. "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் இல்லை"ங்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு பெட்டி. பக்கத்துல ஒரு சர்வீஸ் கடையில குடுத்திருக்கார். மென்பொருளை அழிச்சுட்டு மறுபடி போட்டாங்களாம், அதே பெட்டி. "வைரஸ் சார்"னு ஃபார்மட் அடிச்சு 600 ரூபாய் வாங்கிட்டாங்க.

இப்ப ஜம்முனு திறக்குது. உள்ள ஒண்ணுமில்ல. 2014-ல அக்கா பிரசவத்துக்கு மெல்போர்ன் போயிருந்தப்ப பெரியம்மா எழுதின மெயிலெல்லாம் அதுலதான் இருந்துச்சு. பாப் கணக்கு, இறக்கினதும் சர்வர்ல அழிச்சுடற மாதிரி அமைச்சிருந்தது. பெரியம்மா 2021-ல தவறிட்டாங்க. ரெண்டு நாள் ரெக்கவரி மென்பொருள் ஓட்டினேன், நாலஞ்சு போட்டோ வந்துச்சு.

இந்த "அழிச்சுட்டு மறுபடி போடு" வைத்தியத்தைத்தான் சொல்றேன். மென்பொருள் ஒரு இடத்துல இருக்கு. உங்க மெயிலும் செட்டிங்கும் ப்ரொஃபைல்னு வேற ஃபோல்டர்ல இருக்கு. கோளாறு பெரும்பாலும் ரெண்டாவதுல. முதலாவதை எத்தனை தடவை மாத்தினாலும் என்ன ஆகும்? கதவு பூட்டிக்கிச்சுன்னு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதைதான். ஃபார்மட்டோ வீட்டையே இடிக்கிறது.

அந்தப் பெட்டிக்கு வழக்கமான காரணம், பழைய தண்டர்பேர்ட் பின்னாடி செத்தும் சாகாம கிடக்கறது. டாஸ்க் மேனேஜர்ல போய் நிறுத்தணும். அப்பவும் வரலைன்னா ப்ரொஃபைல் உள்ள பேரன்ட்.லாக்னு ஒரு கோப்பு, அதை அழிக்கணும். ஆட்-ஆன் மேல சந்தேகமா? ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே திறங்க. பழைய அவுட்லுக்னா கன்ட்ரோல். அவுட்லுக்ல பக்கப் பலகையோட எக்ஸ்எம்எல் கோப்பு கெட்டுப் போனாலும் ஜன்னலே வராது. அதுக்குன்னே ரீசெட்நேவ்பேன்னு ஒரு கட்டளை இருக்கு. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஒரு பென்டிரைவ்ல காப்பி. இவ்வளவுதான்யா!

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பண்ண? பத்து நிமிஷம் யோசிச்சதுக்கு எவன் காசு குடுக்கறான், ஃபார்மட்டுக்குத்தான் ரேட் இருக்கு. இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல நானும் ஒரு ஃபார்மட் மன்னன்தான். (ஒரு டீ, ரெண்டு சமோசா.)

இன்னொண்ணும் சொல்லிடறேன். பெரியப்பா முதல்ல எனக்குத்தான் போன் பண்ணினார். ஆபீஸ்ல ஆணி அதிகம். "கடையில குடுத்துடுங்க பெரியப்பா, அவங்க பாத்துப்பாங்க"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.