பேனாக்கத்தி வெச்சிருந்தா ரவுடியா?

போன மாசம் திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பேர் வேணாம். மச்சான் பையன் அங்க கான்ட்ராக்ட் வேலை. அவனுக்கு நம்ம நிலத்து அரிசி அரை மூட்டை குடுக்கலாம்னு மீஞ்சூர்ல ரயில் ஏறிப் போனேன். கேட்டுல பையில இருக்கிறதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாங்க. பேனாக்கத்தியையும் எடுத்து மேசை மேல வெச்சேன்.

"இன்னா பெருசு, கத்தி எடுத்துனு சுத்துற?"ன்னான் செக்யூரிட்டி பையன். என் புள்ள வயசு இருக்கும்.

"விவசாயி தம்பி. சாக்கு பிரிக்க, கயிறு அறுக்க வெச்சிருக்கேன்."

"எல்லாரும் அப்டிதான் சொல்லுவாங்க"ன்னு எடுத்துக் குப்பைக் கூடையில போட்டான். அப்புறம் அரிசி மூட்டையைச் சோதிக்கணும்னு சொல்லி, தன் டிராயர்ல இருந்த கட்டரை எடுத்துத் தையலை அறுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிக்கல. திரும்பி வரும்போது கேட்டேன், குப்பை வண்டி போயிடுச்சாம்.

அது எங்க அப்பா எழுபதுகள்ல பர்மா பஜார்ல வாங்கினது. ரெண்டு அலகு, மாட்டுக்கொம்பு பிடி. அவர் போயி பதினெட்டு வருசம் ஆச்சு. அது கிடக்கட்டும், சொல்ல வந்தது வேற.

வடசென்னைன்னாலே கத்தி, கத்தின்னாலே வெட்டு. சினிமாக்காரங்க இதைக் காட்டிக் காட்டியே சம்பாதிச்சிட்டாங்க. நம்ம பசங்களும் சளைச்சவங்க இல்ல. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியில வெட்டி வீடியோ போடுறானுங்க. 2018 பிப்ரவரியில மலையம்பாக்கத்துல அப்படி ஒரு பிறந்தநாள் கூட்டத்தைப் போலீஸ் சுத்தி வளைச்சு எழுபதுக்கும் மேல ஆளுங்களை அள்ளிட்டுப் போச்சு. அவனுங்களைப் பிடிக்கட்டும், வேணாம்னு யார் சொன்னா? ஆனா காசிமேட்டுல வலை பொத்துறவர், எண்ணூர்ல நண்டு வலை கட்டுறவர், களத்துமேட்டுல நிக்கிற நான், எங்க கையில இருக்கிற மூணு இஞ்ச் கத்தியும் அதுவும் ஒண்ணா?

சட்டமே ஒண்ணுன்னு சொல்லல. 1959 ஆயுதச் சட்டத்துக்குப் போட்ட விதியில 9 இஞ்ச் நீளத்துக்கு மேல, இல்ல 2 இஞ்ச் அகலத்துக்கு மேல இருக்கிற கத்தியைத்தான் ஆயுதக் கணக்குல சேர்த்திருக்கு. அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சதை விலக்கி வெச்சிருக்கு. ஏரோப்ளேன்ல கைப்பையில கொண்டுபோகக் கூடாதுங்கிறாங்க, நியாயம். கம்பெனிக்குள்ள கூடாதுன்னாலும் சரி, வாங்கி வெச்சுட்டுத் திரும்பிப் போகும்போது குடு. குப்பையில போட உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?

"அதான் கட்டர் இருக்கே, இருபது ரூபா"ங்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டர் மழுங்கினா நுனியை ஒடிச்சுப் போடுறோம். அந்தத் துண்டு எங்க போகுது? களத்துல, வைக்கோல்ல. ஒரு வாட்டி எங்க மாட்டுத் தொட்டியில துண்டு பிளேடு கிடந்துச்சு. பசு வாய் வைக்கிறதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரி பார்த்தா. மாடு தீனியை மென்னு பார்த்துத் துப்பாது, அப்படியே முழுங்கும். இரும்பு உள்ள போனா வயித்தைக் குத்திக் கிழிச்சு நெஞ்சு வரைக்கும் போகும்னு மாட்டு டாக்டர் சொன்னார். அன்னைக்கே வீட்டுல இருந்த கட்டரையெல்லாம் தூக்கிப் போட்டேன்.

ரெண்டு அலகு எதுக்குன்னு கேட்பீங்க. பெரிய அலகு முரட்டு வேலைக்கு. யூரியா மூட்டை, நைலான் கயிறு, சொட்டுநீர் பைப்பு. மண்ணு, உப்பு எல்லாம் பட்டு அது சீக்கிரம் மழுங்கும், மழுங்கட்டும். சின்ன அலகை எதுக்கும் தொடாம கூர்மையா வெச்சிருக்கணும். கொய்யாப் பதியம் போட ஒரு இஞ்ச் அகலத்துக்குப் பட்டையை வளையமா உரிக்கணும், அங்க மொண்ணைக் கத்தி வெச்சா பட்டை நார் நாராக் கிழிஞ்சு பதியம் அழுகிடும். கால்ல முள்ளு எடுக்கவும் அதுதான், மாம்பழம் நறுக்கவும் அதுதான் (கழுவிட்டுத்தான்). அந்தக் காலத்துல இறகுப் பேனாவைச் சீவுறதுக்கு வெச்சிருந்ததாலதான் பேனாக்கத்தின்னு பேரு. எழுதுறவன் கையில இருந்த சாமான் அது, அடிதடிக்காரன் கையில இருந்தது இல்ல.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீங்க. திறந்து அலகைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆடினா வேணாம். மூடும்போது 'டக்'குனு வில்லு இழுக்கணும். ரெண்டு அலகும் நகத்துல திறக்கணும், பல்லு வெச்சு இழுக்கிற மாதிரி இருந்தா வேணாம். பட்டன் அமுக்கினா பாயுற கத்தி வேணவே வேணாம், அது நம்ம வேலைக்கு இல்ல, வம்புக்கு. கார்பன் இரும்பு நல்லாக் கூர்மை பிடிக்கும், ஆனா எண்ணூர் உப்புக்காத்துல ஒரே ராத்திரியில துரு ஏறும். கடல்ல போறவங்க துருப்பிடிக்காத எஃகு வாங்கட்டும். எங்கள மாதிரி நிலத்துக்காரங்க கார்பன் வாங்கித் தினம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டாப் போதும். அனல் மின் நிலையச் சாம்பல் பறக்குற பக்கம் இருந்தா வாரம் ஒருவாட்டி கீலைக் கழுவிக் காய வைங்க. இல்லன்னா கரகரன்னு அரைக்கும்.

சைக்கிள் சாணைக்காரர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. அவர் மேல குத்தம் இல்ல, அவர் சக்கரம் அருவாளுக்கும் அருவாமனைக்கும் சரி. சின்ன அலகு அதுல சூடேறி நீலம் பாய்ஞ்சா பதம் போச்சு, அப்புறம் எத்தனை தீட்டினாலும் நிக்காது.

நேத்து மச்சான் பையன் பாரிமுனையில இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்தான். "மாமா, என்னாலதான உங்க கத்தி போச்சு"ன்னான். மரப்பிடி, ரெண்டு அலகு, பெரிசு கொஞ்சம் ஆடுது. அவன்கிட்ட சொல்லல. கல்லைத் தண்ணியில ஊறப் போட்டிருக்கேன்.