ஆறாத புண்ணை அலட்சியம் செய்யாதீர்

கரிசல் பூமியில் நிழல் அரிது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவிப்போர் ஆண்டு முழுவதும் வெயிலை முகத்தில் ஏந்தியே உழைக்கின்றனர். அவ்வெயில் தோலுக்குச் செய்யும் தீங்கு பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படும். கருநிறத் தோல் நம்மைப் பெருமளவு காப்பதால், வெள்ளையரைவிட நம்மிடையே தோற்புற்று குறைவு. ஆயினும் அறவே இல்லை என்பதற்கில்லை.

உலகில் மிகுதியாகக் காணப்படும் தோற்புற்று 'பேசல் செல் கார்சினோமா' என்பதாகும். 1827-இல் டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் இதனை விவரித்தார். மூக்கோரம், கண்ணிமை, நெற்றி ஆகிய இடங்களில் சிறு முத்துப்போல் முளைக்கும். பெரும்பாலும் வலி இராது. புண்ணாகும், பொருக்குக் கட்டும், மீண்டும் புண்ணாகும். நம் நிறத்தவர்க்குக் கறுப்பாகவும் தோன்றுவதால் மச்சமென்று எண்ணி இருந்துவிடுவோர் உண்டு.

இப்புற்று முளைத்த இடத்தையே அரிக்கும். வேறு உறுப்புக்குத் தாவுவது மிக அரிது. அவ்வாறு பரவியதை 1894-இல் பீடில்ஸ் என்னும் மருத்துவர் முதன்முதலாகப் பதிவு செய்தார். மருத்துவ நூல்கள் தரும் கணக்கு 0.0028 முதல் 0.55 விழுக்காடு வரையாகும். உயர்ந்த கணக்கைக் கொண்டாலும் ஆயிரம் பேரில் ஐந்தாறு பேரே. அவர்களுக்கு நிணநீர் முடிச்சு, நுரையீரல், எலும்பு ஆகியவற்றில் நோய் இடம் பிடிக்கின்றது.

யார் அந்த ஐந்தாறு பேர்? பெரும்பாலும் புண் பெரிதாகிப் பல்லாண்டுகள் ஆனவர்கள். அகற்றியும் மீண்டும் மீண்டும் முளைக்கப் பெற்றவர்கள். பரவிய பின் முற்றிலும் குணமாக்குவது அரிது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'விஸ்மோடெகிப்' போன்ற மருந்துகள் நோயைச் சுருக்கிச் சில காலம் தடுத்து நிறுத்தக்கூடும். சிறிதாக இருக்கையிலோ, ஓர் அறுவையிலேயே பெரும்பாலோர் குணமடைவர்.

தீப்பெட்டித் தொழில் நிறைந்த இப்பகுதியில் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய தீக்காய வடு திடீரெனப் புண்ணாகி ஆறாதிருப்பின், அது வேறுவகைப் புற்றாக இருக்கலாம்; அது இதனினும் எளிதில் பரவும்.

உளூச் செய்கையில் முகத்திலும் கையிலும் காலிலும் விரல் படுகின்றதல்லவா? அப்போது தட்டுப்படும் புண் நான்கு வாரத்தில் ஆறாவிடில், சுண்ணாம்பும் பச்சிலையும் தடவி நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கிவிடும். “வலிக்கவில்லையே” என்று வீட்டுப் பெரியவர்கள் தட்டிக் கழித்தாலும், கைப்பிடித்து அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.