போகிறவரிடம் கேளுங்கள்

இறந்த பிறகு எதுவும் இல்லை என்பது என் நம்பிக்கை. மறுபிறவி, சொர்க்கம், ஆவி எதிலும் எனக்குப் பிடிப்பு கிடையாது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி பொது மருத்துவ வார்டிலும் புற்றுநோய் வார்டிலும் போயிற்று. மூச்சு வேகமாக ஏறி, மெல்ல இறங்கி, நின்று, நாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி தொடங்கி, ஒரு கட்டத்தில் தொடங்காமலே போய்விடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கைகால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் கருநீலத் திட்டுகள் படரும். அந்த நேரத்தில் உடலை விட்டு ஏதோ ஒன்று கிளம்பிப் போனதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

உயிருக்கு 21 கிராம் எடை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது என என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. 1907-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி வைத்து வெளியிட்ட கணக்கு அது. ஆறு பேரில் ஒருவரிடம் கிடைத்த அளவுதான் இந்த 21 கிராம். இரண்டு பேரின் அளவுகளைச் சரியாக எடுக்க முடியவில்லை என்று அவரே தள்ளிவிட்டார். மற்றவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதைக் காட்டி ஆன்மாவை நம்பச் சொன்னால் என்னால் முடியாது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் இனி நான் கேட்கப்போவது, நம்பிக்கை உள்ளவர்களின் பக்கம் நின்று பேசுவதுபோல் சிலருக்குத் தோன்றலாம். நான் கேட்பது இதுதான்: சாகப்போகிறவர் தனக்கு அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறார் என்பதை வீட்டார் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் இதைக் கேட்பதே இல்லை. "ஒண்ணும் ஆவாது, நல்லாயிடும்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அவருக்கோ தன் உடம்பில் நடப்பது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேச ஆள் இல்லாமல், எங்கே போகிறோம் என்ற கேள்வியைத் தனியாகச் சுமந்தபடி போய்ச் சேருகிறார்.

விக்கிரவாண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். உணவுக்குழாயில் புற்று. கடைசி வாரத்தில் ஒரு விடியற்காலை, "எங்க அண்ணன் வந்து நிக்குறான்மா, வண்டி பூட்டிட்டான்" என்றார். அண்ணன் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மூத்த மகன் பயந்துபோய், ஊரிலிருந்து கயிறு மந்திரித்து வாங்கிவர ஆள் அனுப்பினார். இளையவர் என்னிடம் வந்து, "அப்பாவுக்குப் புத்தி பெரளுது சிஸ்டர், தூங்க ஊசி போடுங்க" என்றார். நான் பெரியவரிடம் உட்கார்ந்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முண்டியம்பாக்கம் ஆலைக்கு இரண்டு பேரும் இரவெல்லாம் கரும்பு வண்டி ஓட்டிப்போன கதை வந்தது. வண்டிக் காளைக்கு ஒரு கண்ணில் பூ விழுந்த கதை வந்தது. சினையாக இருந்த பசு ஈன்றுவிட்டதா என்று நடுவில் கேட்டார். புத்தி பிறழ்ந்தவர் கேட்கிற கேள்வியா அது? பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்து, அதுவரை கேட்டே இராத தங்கள் பெரியப்பாவின் கதையைக் கேட்டார்கள். ஊசிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்படிக் காண்பது அபூர்வம் அல்ல. அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் கிறிஸ்டோபர் கெர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 59 நோயாளிகளை நாள்தோறும் சந்தித்துக் கேட்டு, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் குறைந்தது ஒரு கனவையோ காட்சியையோ சொன்னார்கள். சாவு நெருங்க நெருங்க, முன்பே இறந்தவர்கள் வருவது அதிகமாயிற்று. அப்படி வந்தவர்களைப் பார்த்தது பெரும்பாலோருக்கு ஆறுதலாக இருந்தது. பஃபலோவில் அம்மாவும் அண்ணனும் வருகிறார்கள், விழுப்புரத்திலும் வருகிறார்கள். உண்மையில் யாரும் வருவதில்லை, மூளையின் கடைசி வேலைகளில் ஒன்று அது என்பது என் எண்ணம். ஆனால் என் எண்ணம் அந்தக் கட்டிலுக்குத் தேவைப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உண்மையான சித்தக் கலக்கமும் உண்டு. அதற்கு மருத்துவம் வேண்டும். நாள், இடம், ஆள் தெரியாமல் குழம்புவது, போர்வையைப் பிய்ப்பது, குழாயைப் பிடுங்குவது, பூச்சி ஊர்கிறது, யாரோ அடிக்க வருகிறார்கள் என்று அலறுவது, ஒரு மணி நேரம் தெளிவாகவும் அடுத்த மணி நேரம் மங்கலாகவும் இருப்பது, இதெல்லாம் அதன் அடையாளம். சிறுநீர் அடைத்திருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம், உப்புச் சத்து குறைந்திருக்கலாம், மார்ஃபின் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். செத்த அண்ணனைக் கண்டு நிம்மதியாகப் பேசுகிறவர் வேறு. அவர் தான் கண்டதைப் பிறகும் கோர்வையாகச் சொல்வார்.

ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தைப் பற்றி இருக்கும் கவலை வேறு வேறு. ஒரு முஸ்லிம் அம்மாளுக்கு, நோயினால் விட்டுப்போன நோன்புகள் பாக்கி இருக்கின்றனவே என்ற ஒரே தவிப்பு. பெற்ற மகனுக்கே அது தெரியாது. தெரிந்ததும் அந்த நாட்களுக்கு ஈடாக, ஃபித்யாவாக, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து சொன்னான். அதோடு அவருடைய தவிப்பு அடங்கியது. ஒரு கத்தோலிக்கத் தாத்தாவுக்கு நோயில் பூசுதல் என்ற சடங்கு நடக்க வேண்டும். பாதர் வருவதற்குள் நினைவு போய்விடுமோ என்று வலி மாத்திரையைக்கூட வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். ஆண் பிள்ளை இல்லாத ஒரு பாட்டிக்கு, கொள்ளி வைக்க ஆளில்லாமல் நாம் எங்கே அலைவோமோ என்ற பயம். கருஞ்சட்டைக்காரர் ஒருவருக்கு நேர் எதிரான பயம். தான் கண்ணை மூடியதும் சொந்தக்காரர்கள் தேங்காய் உடைத்து, நெய்ப்பந்தம் பிடித்து, வாழ்நாள் முழுக்கத் தான் மறுத்ததை எல்லாம் தன் உடம்பின் மேல் செய்துவிடுவார்களே என்று அவர் கண் கலங்கினார். எதுவும் இல்லை என்ற அவருடைய நம்பிக்கைக்கும் காவல் தேவைப்பட்டது. மனைவி அவர் தலையில் கை வைத்து, "ஒண்ணும் செய்ய விடமாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அவர் தூங்கினார். சொன்னபடியே அந்த அம்மாள் வாசலில் நின்று எல்லோரையும் தடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மனைவியோ தினமும் விளக்கு வைத்துச் சாமி கும்பிடுகிறவர்.

என் அம்மா பூவாடைக்காரியை நம்பினார். எங்கள் பக்கத்தில், பூவும் பொட்டுமாகவோ கன்னியாகவோ இறந்த பெண்கள் வீட்டுச் சாமியாகிவிடுவார்கள். கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்றது. அம்மாவின் தங்கை சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனவள். தான் அவளிடம்தான் போகிறோம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. தங்கைக்குப் படைத்த சேலைகள் இருக்கும் பெட்டியில் தன் சேலை ஒன்றையும் வைக்க வேண்டும், அரக்குக் கலர்ச் சேலை, எந்த மடிப்பில் என்பது உட்பட என்னிடம் சொன்னார். நான் வைத்தேன். பூசையும் செய்தேன். எனக்கு நம்பிக்கை வந்து செய்யவில்லை. அம்மாவின் சாவு அம்மாவுடையது என்பதால் செய்தேன்.

பகுத்தறிவு பேசும் என் நண்பர்கள் சிலர் இதை மூடநம்பிக்கைக்குத் துணை போவது என்கிறார்கள். இன்னும் சில நாட்களே இருக்கிற ஒருவரிடம் வாதம் செய்து ஜெயிப்பதில் எந்த அறிவு வளர்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மற்றவர்களிடம் வாதம் செய்வோம். நானும் செய்கிறேன். செத்தவர் கதி பெற வேண்டும் என்று சொல்லிக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் பதினாறாம் நாள் விருந்து போடுவதையும், புருஷன் போன பத்தாம் நாள் ஒரு பெண்ணை நடுவீட்டில் உட்கார வைத்து வளையலை உடைத்துப் பூவைப் பிய்ப்பதையும் நான் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்கமாட்டேன். எங்கள் மாவட்டத்து வடலூர் வள்ளலார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே, கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம், கருமாதி திதி வேண்டாம், உடலை எரிக்காமல் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இறந்தவர் மீண்டும் எழுவார் என்ற நம்பிக்கையின் மேல் நின்றே அவர் அதைச் சொன்னார். சாவுக்குப் பிறகானதை நம்புகிறவர் உயிரோடிருப்பவர்களைக் கொடுமைப்படுத்தியாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

இன்றைக்குப் பெரிய தடை தீவிர சிகிச்சைப் பிரிவு. தொண்டையில் குழாய் போட்ட பிறகு யாரிடம் எதைக் கேட்பது? கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடும்பம், உள்ளே அவர். கடைசியில் மருத்துவர் கையை விரித்ததும், உயிர் வீட்டு வாசலில்தான் பிரிய வேண்டும் என்று ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். வழியெல்லாம் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை ஒருவர் அழுத்திக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணையில் இறக்கிய பிறகு அதை எடுப்பார்கள். வீட்டிலேயே உயிர் விட வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று பத்து நாள் முன்பே தெரிந்திருந்தால், பேசும் நினைவோடு, பிள்ளைகள் கையால் பால் குடித்து அந்தத் திண்ணையில் இருந்திருப்பார். உச்ச நீதிமன்றம் 2018-இல், மீட்க முடியாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என அனுமதித்தது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023-இல் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் போதும். நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

நான் எழுதியிருக்கிறேன். என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நாளில் கல்லூரிக்குப் போன் செய்து உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் என் குடும்பத்தார். அவர்கள் மனம் ஒப்பாவிட்டால் என் காகிதம் பீரோவிலேயே இருக்கும். அதனால் மகளை உட்கார வைத்துப் பேசினேன். அழுதாள், இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வந்து, "சேலையை மட்டும் பாட்டி பெட்டியில வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். உடலை ஒப்படைத்த பிறகு தாராளமாக வைத்துக்கொள் என்றேன். எங்கள் இருவருக்கும் வேண்டியது கிடைத்தது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர்கள் வீடு தேடிப் போய் நோவு தணிக்கும் பராமரிப்பும் தருகிறார்கள். அந்தத் தங்கைகளிடம் நான் கேட்பது: புண்ணைக் கழுவும்போது, குழாய் மாற்றும்போது, ஆள் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, "மனசுல என்ன ஓடுது? யாரையாவது பாக்கணுமா? பின்னாடி எது எப்படி நடக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேளுங்கள். நோயாளிகள் பயந்துவிடுவார்களே என்று சிலர் சொல்வார்கள். பேச விருப்பமில்லாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், விட்டுவிடலாம். மற்றவர்கள், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சொன்னதை வீட்டாரிடம் சொல்லலாமா என்று அவரிடமே அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டாருக்கு இன்னொன்று. கனடாவின் வான்கூவரில் ஓர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில், நினைவிழந்து கடைசி மணி நேரங்களில் இருந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். சிலருடைய மூளை, காதில் விழுந்த ஒலியின் மாற்றத்துக்கு அப்போதும் பதில் கொடுத்தது. அவர்களுக்குப் புரிந்ததா என்பது வேறு. ஆனாலும் அவர் நம்பிய பாட்டையோ ஓதலையோ ஜெபத்தையோ காதருகே சொல்லுங்கள். எதையும் நம்பாதவரானால் பேரப்பிள்ளையின் பரீட்சை மார்க்கைச் சொல்லுங்கள். பந்தல்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் போன் செய்ய வேண்டியிருந்தால், வாசலுக்குப் போய்ச் செய்யுங்கள்.