சொல்லும் பொருளும்: 'கை' என்னும் ஆங்கிலச் சொல்

பொங்கல் விழாக் கும்மிக்கான ஒத்திகை ஒரு ஞாயிறு காலை பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடைபெற்றதை அன்பர்கள் அறிவர். சிறுமியரையும் தாய்மாரையும் வட்டமாக நிறுத்திப் பழக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவள் 13 வயதுப் பெண்ணொருத்தி. நாமும் அங்கிருந்தோம். பேச்சும் சிரிப்புமாக ஆளுக்கொரு பக்கம் நின்றவர்களை ஒன்றுசேர்க்க அவள் உரத்த குரலில், "கைஸ், கைஸ், எல்லோரும் வாருங்கள்" என்று கூவினாள். அவளுடைய பாட்டி ஊரிலிருந்து வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. இந்தியும் ஆங்கிலமும் அறியாத அம்மூதாட்டி சுவரோரத்து நாற்காலியில் வழக்கம்போல் தனியே அமர்ந்திருந்தவர், இக்குரலைக் கேட்டதும் எழுந்து, வட்டத்திற்குள் வந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். கும்மிக்குக் கை வேண்டும்தானே?

மண்டபம் சிரித்தது. பாட்டியும் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவர் உண்டு. அவர் அச்சிறுமியின் தந்தையார். வீடு திரும்பியதும் மகளைக் கடிந்துகொண்டிருக்கிறார். "பெற்றவளையும் பாட்டியையும் தெருப்பையன்களை அழைப்பதுபோல் அழைக்கலாமா? சங்க நிகழ்ச்சிகளில் இச்சொல் ஒலிக்கலாகாது என்று விதி செய்யவேண்டும். தாங்களும் தங்கள் பகுதியில் கண்டித்து எழுதவேண்டும்" என்று நமக்கு ஒரு கடிதமும் வரைந்தார். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு அப்பெண் வரவில்லை. கும்மியும் நடைபெறவில்லை.

ஒரு சொல்லைக் கண்டிக்குமுன் அதன் வரலாற்றை அறிவது முறையன்றோ? அவ்வாறு அறியப் புகுந்தபோது நமக்குக் கிடைத்தவற்றை ஈண்டுத் தருகிறோம்.

'கை' என்பது முதலில் ஓர் இயற்பெயர். ஜெர்மானிய மூலமுடைய அப்பெயர் பிரெஞ்சு மொழி வழியாக நார்மானியரோடு இங்கிலாந்து சேர்ந்தது. நம்மவர் வீடுகளில் இராமன், கிருஷ்ணன் என்று வழங்குவதுபோல், அங்கே அது ஒரு மகனுக்கு இடும் பெயர், அவ்வளவே. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். ஒலி ஒன்றாயிருப்பதால் உறவு ஒன்றாகிவிடாது. நம் பாட்டி கேட்ட 'கை'யும் அத்தகையதே.

யார்க் நகரில் 1570இல் பிறந்தவன் கை ஃபாக்ஸ். கத்தோலிக்க சமயப் பற்று மிக்கவன். ஸ்பெயின் அரசின் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டவன். இங்கிலாந்தில் அப்போது கத்தோலிக்கர்மேல் கடுஞ்சட்டங்கள் இருந்தன. மன்னர் முதலாம் ஜேம்ஸையும் அவர் அவையையும் வெடிவைத்துத் தகர்ப்பதென ராபர்ட் கேட்ஸ்பி என்பவரின் தலைமையில் சிலர் சதி செய்தனர். பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த நிலவறையை வாடகைக்கு எடுத்து, 36 பீப்பாய் வெடிமருந்தை அதில் அடுக்கினர். திரி கொளுத்தும் வேலை ஃபாக்ஸுக்கு. ஆனால் சபைக்குச் செல்லவேண்டாமென்று ஒரு பிரபுவை எச்சரித்து வந்த கையொப்பமில்லாக் கடிதமொன்று காட்டிக்கொடுத்துவிட்டது. 1605 நவம்பர் 4ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அவன் அங்கேயே பிடிபட்டான். முதலில் தன் பெயர் ஜான் ஜான்சன் என்றான். சித்திரவதைக்குப் பின் அவன் இட்ட கையொப்பம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நடுங்கும் கோடுகளாக, பாதியில் தேய்ந்து கிடக்கும் அதைக் காண்போர் அவன் குற்றத்தைச் சற்றே மறந்துவிடக்கூடும். 1606 ஜனவரி 31ஆம் நாள் அவன் உயிர் தூக்குமேடையில் பிரிந்தது.

மன்னர் பிழைத்த மகிழ்ச்சியில் லண்டன் மக்கள் நவம்பர் 5ஆம் நாள் இரவே தெருக்களில் நெருப்பு மூட்டினர். பின்னர் அந்நாளை ஆண்டுதோறும் நன்றித் திருநாளாகக் கொள்ளவேண்டுமெனச் சட்டமே செய்தனர். 1859 வரை அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. தொடக்கத்தில் அந்நெருப்பில் போப்பாண்டவரின் உருவம் எரிந்ததுண்டு. காலப்போக்கில் ஃபாக்ஸின் உருவமே அவ்விடத்தைப் பிடித்தது. கந்தல் சட்டைக்குள் வைக்கோலும் காகிதமும் திணித்து, பழந்தொப்பி கவிழ்த்து, சிறுவர்கள் அதைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று, வெடி வாங்கக் காசு கேட்பர். இரவானதும் கொளுத்துவர். தசராவன்று இராவணன் எரிவதை ஆண்டுதோறும் கண்டுவரும் நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இராவணன் உருவம் எத்தனை ஆண்டு எரிந்தாலும் இராவணனாகவே இருக்கிறது. ஃபாக்ஸின் உருவமோ அவன் பெயரை இழந்து பொதுச்சொல்லாயிற்று. வைக்கோல் பொம்மை எதுவாயினும் அது 'கை'.

பொம்மையிலிருந்து மனிதனுக்குத் தாவுவது எளிது. பொருந்தா உடையணிந்து கந்தலாகத் தோன்றும் ஒருவனை, 'ஒரு கைபோல் இருக்கிறான்' என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இகழலாயினர். நம்மூரில் 'சோளக்கொல்லைப் பொம்மை' என்பதில்லையா, அதுபோல. இந்த இகழ்ச்சியோடு சொல் நின்றிருந்தால் கடிதம் எழுதிய அன்பரின் பக்கமே நியாயம் இருந்திருக்கும்.

ஆனால் சொல் கடல் கடந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நவம்பர் 5 கொண்டாடப்பட்டதுண்டு. பாஸ்டனில் அன்று போப்பின் உருவத்தை ஊர்வலமாகக் கொண்டுசென்று எரிப்பர். 1775இல் விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் அவ்வழக்கத்தில் ஈடுபடலாகாதெனக் கண்டித்து ஆணையிட்டார். கனடாவின் கத்தோலிக்கருடைய நட்பை நாடும் வேளையில் அவர்தம் சமயத் தலைவரை எரிப்பது அறிவன்று என்பது அவர் கருத்து. விடுதலை பெற்ற நாட்டுக்கு இங்கிலாந்து மன்னர் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன? திருநாள் மறைந்தது. நெருப்பையும் பொம்மையையும் அறியாத மண்ணில் சொல்லின் முள் மழுங்கியது என்று கருத இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அங்கே 'கை' என்றால் வெறுமனே ஓர் ஆள், ஒரு மனிதன் என்னும் பொருள் தோன்றிவிட்டது. திரைப்படங்கள் வந்தபின் நல்லவனும் 'கை', கெட்டவனும் 'கை'. ஆலன் மெட்காஃப் என்னும் அமெரிக்க மொழியறிஞர் இவ்வொரு சொல்லுக்காகவே 2019இல் முழு நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார்.

இனி, அச்சொல் பன்மையாகி முன்னிலையில் நுழைந்த கதை. இதுவே நம்மவர்க்குச் சுவையானது.

ஆங்கிலத்திலும் முற்காலத்தில் ஒருமை முன்னிலை ஒன்றும் பன்மை முன்னிலை ஒன்றுமாக இரண்டு இருந்தன. 'தவ்' என்பது நீ. 'யூ' என்பது பலரைக் குறிப்பது. பிரெஞ்சுப் பழக்கத்தைப் பின்பற்றிப் பெரியோர் ஒருவரையும் பன்மையில் 'யூ' என்று அழைக்கத் தொடங்கினர். நாம் ஒருவரையே 'நீங்கள்' என்பதும் அவ்வாறன்றோ? சமமற்றவர்க்கும் சிறியவர்க்கும் 'தவ்' என்பது ஒதுங்கியது. 1603இல் சர் வால்டர் ராலேமீது நடந்த இராஜத்துரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை வேண்டுமென்றே 'தவ்' என்று ஏகவசனத்தில் விளித்து அவமதித்தார். வீரரும் கனவானுமான ஒருவரை நீதிமன்றத்தில் 'நீ' என்றால் எப்படியிருந்திருக்கும்! இரண்டாண்டுகளுக்குப் பின் பிடிபட்ட கை ஃபாக்ஸின் வழக்கையும் நடத்தியவர் இதே கோக் என்பது தற்செயலே ஆயினும் குறிக்கத்தக்கது. மனிதர் அனைவரும் சமமென்று கருதிய குவேக்கர் சமயத்தார் பின்னர் நீதிபதியையும் 'தவ்' என்றே அழைத்து அவர்தம் சினத்துக்கு ஆளாயினர்.

யாரையும் புண்படுத்தலாகாது என்ற அச்சத்தில் எல்லோரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கியதன் விளைவு, 'நீ' இறந்தது. கூடவே ஒரு குறையும் பிறந்தது. 'யூ' என்றால் ஒருவரா பலரா என்று தெரியவில்லை. பலரையென்று காட்ட ஏதேனும் ஒட்டவேண்டியதாயிற்று. அமெரிக்கத் தென்பகுதியார் 'எல்லாம்' என்னும் சொல்லை ஒட்டினர். பிறர் 'கைஸ்' என்பதை ஒட்டினர். நமக்கும் இதே இடர் நேர்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். 'நீர்' பன்மையாயிருந்து மரியாதை ஒருமையாயிற்று. 'கள்' பெற்ற 'நீங்க'ளும் மரியாதைக்குப் போய்விட்டது. ஆகவே நாமும் பலரை அழைக்க 'நீங்க எல்லாரும்' என்கிறோம்.

நிற்க. ஆண்பாற் சொல் பெண்களையும் எப்படிக் குறிக்கலாம் என்பதே அன்பருடைய முதன்மையான வினா. அவ்வினா அமெரிக்காவிலும் எழுந்ததுதான். 1971இல் தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சித் தொடரொன்றில், நடிகை ரீட்டா மொரீனோ இச்சொல்லைக் கூவியே பிள்ளைகளை அழைப்பார். அக்குரல் கேட்டு வளர்ந்த சிறுமியர் தம்மையும் அழைப்பதாகவே கொண்டனர். எனினும், தனியொரு பெண்ணைச் சுட்டி 'அந்த கை' என்று எவரும் சொல்வதில்லை. ஒருமையில் ஆணாக நிற்கும் சொல் பன்மையில் மட்டும் பொதுவாவது எங்ஙனம் என்று பெண்கள் பலர் கேட்கின்றனர். அலுவலகங்கள் சிலவற்றில் இதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துவதும் உண்டு. அக்கேள்வி வலுவானதே, நாம் அதனைத் தள்ளவில்லை.

ஆனால் அன்பரே, தமிழன் இக்கேள்வியைக் கேட்குமுன் தன் வீட்டுத் திண்ணையைப் பார்க்கவேண்டாமா? 'பசங்க பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள்' என்று தாங்கள் சொல்லும்போது தங்கள் மகளும் அதில் அடக்கமில்லையா? 'வாடா கண்ணா' என்று மகளைக் கொஞ்சாத தாய் நம்மில் எத்தனை பேர்? அங்கே 'டா' ஆண்மையையும் இழந்து, அவமதிப்பையும் இழந்து, அன்பாகி நிற்கிறது. கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் 'மச்சி' என்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் விதி செய்வதாயின் நம் சங்கத்துக்குத் தனிக் காவலர் படையே வேண்டும்.

இச்சொல் நமக்கு உவப்பானதென்று சொல்லவரவில்லை. பாட்டியைப் பாட்டி என்றும், அத்தையை அத்தை என்றும் அழைக்கும் செல்வம் நம்மிடமிருக்க, எல்லோரையும் ஒரே சொல்லில் அள்ளிப்போடுவது வறுமையே. வெளியே இந்தியில் 'தூ, தும், ஆப்' என்று மூன்று படியும் பிசகாமல் பேசும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் முறைவைத்து அழைப்பது கடினமன்று. வீட்டில் நாம் அவ்வாறு பேசினால் வந்துவிடும். ஆனால் 20 பேர் கலைந்து நிற்கும் மண்டபத்தில் ஒவ்வொருவரையும் முறைவைத்து அழைக்க அக்குழந்தைக்கு நேரமேது? அவள் பாட்டியை அவமதிக்கவில்லை. சொல்லும் இன்று அவமதிப்பதில்லை. அந்தப் பொருளை அது கடலுக்கு அப்பாலேயே விட்டுவிட்டது.

இதனை எழுதுமுன் அம்மூதாட்டியைக் கண்டு வரலாமென்று அவர் இல்லம் சென்றோம். கடிதம் எழுதிய அன்பர் வெளியே போயிருந்தார். பெண் தன் அறையை விட்டு வரவில்லை. பாட்டி காப்பி கொடுத்தார். இச்சொல் மரியாதைக் குறைவென்று தங்கள் மகன் வருந்துகிறாரே, தங்களுக்கு எப்படி என்று கேட்டோம்.

"எனக்கு அந்த அர்த்தமெல்லாம் தெரியாது. இங்கே வந்து மூன்று மாதம் ஆச்சு. உட்காருங்கள், சாப்பிடுங்கள், படுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, போனேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள் வந்தால் நானும் வருவேன். கும்மியில் அவள் இரண்டாவது அடியைத் தப்பாகப் போடுகிறாள், யாருமே சொல்லவில்லை" என்றார்.

அடுத்த ஒத்திகை வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, அதே மண்டபத்தில். அன்பர் தம் மகளையும் தாயாரையும் அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.