ஊர் பார்க்க எங்களையும் கூட்டிப் போங்கள்

ஒரு குடும்பம் இன்னோர் ஊருக்குக் குடிபோவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கினால் முதலில் நடப்பது ஒரு பயணம். வாப்பா, மாமா, காணி விவரம் தெரிந்த இன்னொருவர் என மூன்று பேர் புறப்படுவார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறாக இருக்கும். தெரிந்தவர் வீட்டில் பகல் சாப்பாடு, நாலைந்து வளவுகளைப் பார்ப்பது, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நிர்வாகத்தினரோடு கொஞ்சம் கதை, பிறகு திரும்பி வருவது. வந்ததும் வீட்டில் சபை கூடும். வளவின் அளவு என்ன, விலை என்ன, உறுதி சரியா, பள்ளிக்கு எவ்வளவு தூரம், கடை போட்டால் ஓடுமா என்பதெல்லாம் அந்தச் சபைக்கு வரும். அந்த ஊரில் காலையிலிருந்து இரவு வரை இருக்கப்போகிற பெண்களுக்கு அது எப்படிப்பட்ட ஊர் என்பது மட்டும் வராது. அதைப் பார்த்துவர யாரும் போகவில்லையே.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் தாயையும் பெண்பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் கருத்து. வெளியூர் வாசகிகளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். புத்தளத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் 2 மணித்தியாலம். வந்தவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கமும் தங்கினார்கள். அன்று தென்னோலைக் கொட்டிலில் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கல்லூரியில் படிக்கிறோம். யாழ்ப்பாணம் போவதா, இங்கேயே இருப்பதா என்ற பேச்சு அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் ஓயவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது போய்ப் பார்த்தார்கள். 2006இல் பாதை மூடியதும் பேச்சும் நின்றது. போர் முடிந்து பாதை மீண்டும் திறந்த பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். சிலர் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பலர் கடையை அங்கே வைத்துக் குடும்பத்தை இங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

எங்கள் வீட்டிலும் சென்ற வருடம் அந்தப் பேச்சு மும்முரமானது. வாப்பாவும் இரண்டு மாமாமாரும் அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா வழியாகப் போய் இரண்டு நாள் தங்கி வந்தார்கள். வாப்பா வந்த அன்றிரவு அவர் பேசியதைப் போல நான் ஒருநாளும் கேட்டதில்லை. சோனகத் தெரு, ஐந்து சந்தி, அவர் படித்த ஒஸ்மானியா, ஓதிய பள்ளி, மூத்தவாப்பா அடங்கியிருக்கும் மையவாடி. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்ப்பவரைப் போலச் சொன்னார். வளவு 2 பரப்பு என்றார். பரப்பு என்றால் என்னவென்று எனக்கும் தங்கைக்கும் தெரியவில்லை. 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு என்று பிறகு விளக்கினார்.

நான் கேட்டது வேறு. அங்கே பெண்பிள்ளைகள் பாடசாலைக்கு எப்படிப் போகிறார்கள், பின்னேரம் தனியார் வகுப்பு முடிந்து இருட்டுப்பட்டால் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறார்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள் என்கிறார்களே, நம்முடைய பிள்ளைகளும் அபாயாவோடு ஓடுகிறார்களா என்று கேட்டேன். வாப்பா யோசித்துப் பார்த்தார். "நாங்க போனது ஞாயித்துக்கிழமை மகள், பிள்ளைகள் ஒருத்தரும் ரோட்டில இல்லை" என்றார்.

வாப்பாமாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாப்பா அந்த ஊரைவிட்டு வரும்போது அவருக்கு 15 வயது. இப்போது போய் நிற்கும்போதும் அந்த 15 வயதுப் பையனின் கண்ணால்தான் பார்க்கிறார். இடிந்த சுவரைக் கண்டால் அதில் இருந்த கதவும், வெறும் வளவைக் கண்டால் அதில் நின்ற மாமரமும் அவருக்குத் தெரியும். நான் அந்தச் சுவரைக் கண்டால் சுவரைத்தான் காண்பேன். அவருக்கு அது திரும்பிப் போகும் ஊர். புத்தளத்தில் பிறந்து புத்தளத்து உப்புக்காற்றில் வளர்ந்த எனக்கு அது கொழும்பைப் போல, கண்டியைப் போல ஒரு புது நகரம். நினைவோடு போகிறவரால் ஓர் ஊரைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்கு அந்த ஊரைப் பற்றி எந்த நினைவும் இல்லாத ஒருவர் கூடப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருப்பது நானும் தங்கையும்தான்.

உம்மாவின் கண் இன்னொரு விதம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. வீட்டுக்கு வீடு கிணறு. வாப்பா கிணற்றை எட்டிப் பார்த்து "தண்ணி நிறைய இருக்கு" என்று சொன்னார். உம்மா போயிருந்தால் ஒரு வாளி அள்ளிக் கையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்திருப்பார். நுரை வருகிறதா, கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்குமா, தேத்தண்ணிக்கு என்ன நிறம் வரும், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை முழம் தள்ளியிருக்கிறது என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் அளந்திருப்பார். நெருக்கமான வளவுகளில் அந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. வடக்குக்குப் பெருமழை ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை. நம்மவர்கள் போய்ப் பார்ப்பதோ நல்ல வெயில் காலத்தில், பயணத்துக்கு வசதியென்று. தண்ணீர் நிற்கும் வளவு வெயிலில் நல்ல வளவாகத்தான் தெரியும். (எங்கள் உம்மும்மாவிடம் கேட்டால் வளவு, தண்ணீர் எதையும் பார்க்காமல் "பக்கத்து வீட்டில யார்?" என்றுதான் கேட்பார். வீட்டுக்கு முன் அயலவரைத் தேடு என்று அரபுகளிடம் ஒரு பழமொழி உண்டு. உம்மும்மாவுக்கு அரபு தெரியாது. 1990 போதுமானதாக இருந்தது.)

படிப்பு விஷயத்தைப் பெற்றோர் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கும் மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. புத்தளமும் யாழ்ப்பாணமும் அந்த 16இல் அடங்கும். ஆனால் இசட் புள்ளியின் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. நாம் எந்த மாவட்டக் கணக்கில் சேருவோம் என்பது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தோம் என்பதைப் பொறுத்தது. அதாவது 10ஆம், 11ஆம் வகுப்புப் பிள்ளையை எந்த மாதம் ஊர் மாற்றுகிறோம் என்பது அவளுடைய பல்கலைக்கழக இடத்தையே தொடக்கூடிய தீர்மானம். வளவின் உறுதியை மூன்று முறை வாசிக்கிற நம் பெரியவர்களில் எத்தனை பேர் இதை ஒருமுறை விசாரித்திருக்கிறார்கள்? போகிற ஊரில் உயர்தரத்தில் எந்தப் பிரிவுகள் இருக்கின்றன, இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடக் கதவு திறக்கிறதா என்பதைப் பாடசாலை நாளில் அதிபரைச் சந்தித்துத்தான் அறியலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் கிடைக்கும். அந்தப் பிள்ளைகள் வாப்பாவிடம் பேச மாட்டார்கள், என்னிடம் பேசுவார்கள்.

"பொம்பிளப் பிள்ளைகளை இதற்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் மார்க்கத்தின் மிகப் பெரிய இடப்பெயர்வை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் போகுமுன் முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களை அங்கே அனுப்பினார்கள். அவர் அந்த ஊரில் தங்கி, மக்களுக்கு ஓதிக் கொடுத்து, வீடு வீடாகப் பழகினார். அடுத்த ஹஜ் காலத்தில் மதீனாவாசிகள் மக்கா வந்து அகபாவில் இரண்டாவது உடன்படிக்கை செய்தார்கள். ஓர் ஊர் தன் வாசலைத் திறந்துவிடுவதற்கான உடன்படிக்கை அது. அந்த இரவில் அங்கே 73 ஆண்களும் 2 பெண்களும் இருந்தார்கள் என்று சீறா நூல்கள் சொல்கின்றன. நுஸைபா பின்த் கஅப், அஸ்மா பின்த் அம்ர் என்று அந்த இருவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் அபிசீனியாவுக்குப் போன முதல் குழுவிலும் பெண்கள் இருந்தார்கள். நபியவர்களின் மகள் ருகையா (ரழி) அவர்களில் ஒருவர். திருக்குர்ஆனில் ஒரு சூராவுக்கே ஷூரா, கலந்தாலோசனை என்று பெயர். ஜும்ஆவில் இதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறோம். வளவு பார்க்கப் போகிற வேனில் மட்டும் எங்களுக்கு இடமில்லை.

இன்னொரு விஷயத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். நம் குடும்பங்களில் வீடு கட்டுவது யாருக்காக? பெண்பிள்ளைக்காக. பிள்ளை பிறந்த நாளிலிருந்து "இவளுக்கு ஒரு வீடு வேணும்" என்றுதான் வாப்பா உழைக்கிறார். காக்காமார் வெளிநாடு போவதும் தங்கச்சிக்கு வீடு முடிப்பதற்குத்தான். அந்தச் சீதன வழக்கம் சரியா என்பது வேறொரு கட்டுரை. ஆனால் வளவு வாங்குவது என் பெயருக்கு, வீடு எழுதப்போவது என் பெயருக்கு, அதில் கடைசிவரை இருக்கப்போவது நான். அந்த வளவைப் பார்க்காத ஒரே ஆளும் நான்.

செலவு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மூன்று பேர் போகும் பயணத்தில் ஆறு பேர் போனால் பணம் கூடும். பெண்கள் தங்குவதற்கு வீடு வேண்டும். அங்கே ஏற்கெனவே குடியேறியிருக்கும் நம் உறவினர் வீடுகள் இருக்கின்றனவே. அவர்களோடு இரண்டு இரவு தங்குவதே பாதிப் பரிசோதனை. குடும்பத்தோடு போய்ச் சாமான்களை இறக்கி, பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்துச் சேர்த்து, ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்த லொறிக் கூலியோடு ஒப்பிட்டால் ஆறு பேரின் பஸ் காசு ஒன்றுமில்லை. பாதியில் பாடசாலை மாறிய பிள்ளை இழந்த தவணைகளுக்கு யாரும் கணக்குப் போடுவதுமில்லை.

தீர்மானத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடனும் வருமானமும் பெரியவர்கள் தூக்குகிற சுமை. கடைசிச் சொல் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நாங்கள் பார்த்ததைச் சொன்னால், அது வளவின் விலையைப் போல ஒரு தகவலாகச் சபையில் வைக்கப்பட வேண்டும். "இவளுக்கு இங்கே கூட்டாளிமார், அதனால்தான் வேண்டாம் என்கிறாள்" என்று தள்ளக் கூடாது. கூட்டாளிமார் எனக்கு இருக்கிறார்கள்தான். வாப்பாவுக்கும் யாழ்ப்பாணத்தில் கூட்டாளிமார் இருந்தார்கள்; அவர் போக விரும்புவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவருடைய ஆசையை மண்பற்று என்கிறோம், என்னுடையதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறோம்.

போய்ப் பார்த்தால் எனக்கு அந்த ஊர் பிடித்தும் போகலாம். உண்மையைச் சொன்னால், சைக்கிள் விஷயத்தில் எனக்கு ஓர் ஆசை இருக்கிறது.

வாப்பாவின் அடுத்த பயணம் நவம்பரில் இருக்கும் போலத் தெரிகிறது. வியாழன் புறப்பட்டு, வெள்ளி காலை 7.30க்குப் பாடசாலை வாசலிலும் பகல் அது விடும்போது தெருவிலும் நிற்க வேண்டும், மஃரிபுக்குப் பிறகு ஐந்து சந்தியிலிருந்து வளவு வரை உம்மாவும் நானும் தங்கையும் நடந்து பார்க்க வேண்டும் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு நாள் லீவுக்கான கடிதத்தை உம்மா எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.