வருங்கால உலகில் வருணம் உண்டா?

நாய் பேசுகிறது, அதுவும் இயந்திர நாய்! வண்டி வானில் பறக்கிறது. முதுமை தள்ளிப் போகிறது. செவ்வாயிலே குடியேற்றம் நடக்கிறது. தமிழில் வரும் அறிவியல் புதினங்களைப் புரட்டுங்கள் தோழர்களே, இவையெல்லாம் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் கிடைக்காதது ஒன்றுண்டு: சேரி. அது ஒழிந்ததா? ஒழிந்ததெனில் எந்த ஆண்டில், யாருடைய கிளர்ச்சியால்? ஏவுகலத்துக்கு எரிபொருள் எதுவென்று பக்கம் பக்கமாக எழுதும் பேனா, இந்தக் கேள்வி வந்ததும் மை வற்றி நின்றுவிடுகிறது.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். கெட்டிக்காரக் கதை, மறுக்கவில்லை. ஜீவா என்னும் சர்வாதிகாரி. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி. மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். சிந்திக்கும் இயந்திர நாய் ஜீனோ. அச்சத்தால் ஆளும் அரசு எப்படி இயங்கும் என்பதை அந்தக் கதை திறமையாகவே காட்டியது. எனினும் கேட்கிறோம்: பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கினால் சாதி செத்துவிடுமா? இரண்டெழுத்துக்காரன் குடியிருந்த தெரு எது? நிலம் யார் கையில்? பெண் கொடுப்பவர் யார், கொள்பவர் யார்? இவை கதையின் நடுவே வரவில்லை. வந்திருந்தால் ஜீவாவின் கொடுங்கோன்மை இன்னும் நம்பத்தக்கதாக இருந்திருக்கும். இந்த மண்ணிலே எழும் எந்தச் சர்வாதிகாரிக்கும் புதிய இயந்திரம் தேவையில்லையே! பழைய இயந்திரம் எண்ணெயிட்டு ஆயத்தமாக இருக்கிறதே!

“கதை என்றால் கதை. அதிலுமா சாதியைத் தேடுவது?” என்று முகம் சுளிப்பர் இலக்கிய நண்பர் சிலர். நல்லது, ஆங்கிலேயர் ஒருவரைச் சாட்சிக்கு அழைப்போம். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ எழுதினார். அந்த நாட்டில் மனிதர் கருப்பையில் பிறப்பதில்லை, புட்டியிலே வளர்க்கப்படுகின்றனர். ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து பிரிவு. அடிப்பிரிவுக் கருவுக்கு உயிர்வளியைக் குறைத்து அறிவை மழுக்குவர். கீழ்ப்பிரிவுக் குழந்தை புத்தகத்தைத் தொட வந்தால் மின்னதிர்ச்சி. பிறகு வாழ்நாள் முழுதும் புத்தகம் என்றாலே நடுக்கம். அந்தப் பிரிவுகளுக்கு ஹக்ஸ்லி சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘காஸ்ட்’! நம் நாட்டைப் பற்றி எழுதும்போது ஐரோப்பியர் எடுத்தாளும் அதே சொல். புட்டியும் மின்சாரமும் கொண்டு அவர் கற்பனையில் கட்டியதை, மனுவின் மரபு தர்ப்பையும் தண்டனையும் கொண்டே கட்டி முடித்துவிட்டது. தன் நாட்டு மக்களை நடுங்க வைக்க அவருக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. அது வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும் நமக்கோ, கண்ணில் படவில்லை!

கண்ணில் பட்டவர்களும் உண்டு. பிரயாக் அக்பர் 2017-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘லைலா’வில் வருங்கால நகரம் மதிலுக்கு மதில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வட்டாரம். ‘தூய்மை’ என்பதே ஆட்சியின் மந்திரம். கலந்து மணந்த குற்றத்துக்காகக் குழந்தையைப் பறிகொடுத்த தாய், ஆண்டுக்கணக்கில் அதைத் தேடி அலைகிறாள். அங்கே கற்பனை மிகக் குறைவு. ஊரை நகரமாக்கி, வேலியை மதிலாக்கியிருக்கிறார், அவ்வளவே.

ஐயமிருந்தால் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். 2022 டிசம்பரில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரிந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரின் முன் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும், கோயிலுக்குள் நுழைய முடியாத மக்களின் குறையும் வந்து நின்றன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று. மரபணுச் சோதனை நடந்தது. 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அம்மக்கள் அதை ஏற்காமல் போராடினர். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் சுட்டுவது வேறு: மனித உயிரணுவின் எழுத்தைப் படிக்கும் விஞ்ஞானமும் இரட்டைக் குவளையும் ஒரே ஊரில்! எந்த நாவலாசிரியர் இதைக் கற்பனை செய்தார்?

தண்ணீரைப் பற்றியே பேசுவதானால், 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ ஏட்டை நினைவூட்டியாக வேண்டும். வங்கத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா அதில் ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். அந்நாட்டில் ஆடவர் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். பெண்கள் பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நேரே நீரிறக்குகிறது. இன்னொரு பல்கலைக்கழகம் கதிரவன் வெப்பத்தால் பகைவரை விரட்டுகிறது. அவர் கருவியை மட்டும் மாற்றவில்லை. அது யார் கையில் என்பதை மாற்றினார். 1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டியில் ஏற்றியபோது, ஊரே கேலி பேசியதும் அதனால்தான். வண்டி பழையது, ஏறியவர் புதியவர்!

பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940-களில் வந்தபோதும் சட்டைப்பைக்குள் அடங்கும் கம்பியில்லாப் பேச்சுக் கருவி அதில் இருந்தது. அது பலித்ததென்று இன்று மகிழ்ந்து கூத்தாடுகிறோம். அந்தக் கருவியோடு சேர்த்தே அவர் வைத்த மேல்-கீழ் அற்ற வாழ்வு பலித்ததா என்று கேட்க மறந்தோம். கைப்பேசி வந்தது, அதிலே சாதிக்கொரு குழுவும் வந்தது.

ஆகவே எழுத்தாளர் பெருமக்களே, 2150-ஐப் பற்றி எழுதுங்கள். வேங்கைவயல் தொட்டியில் அன்று யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், யார் குடிக்கிறார் என்பதையும் எழுதுங்கள். அந்தப் புதினம் வரும் ஆண்டில், புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் முதல் படிக்கு நம் தோழர்கள் வரிசையில் நிற்பார்கள்.